சாவா மூவாப் பேராடு: டெல்டாவில் ஆறு நாள்

முதல் நாள்: தஞ்சாவூர்

பொங்கல் விடுமுறை முடிந்த மறுநாள் விடியற்காலையில், திருச்சி சந்திப்பிலிருந்து தஞ்சாவூர் செல்லும் பயணிகள் ரயிலில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. பையில் மாற்றுத் துணிகளுடன் ஒரு ரசீதுப் புத்தகமும், பழைய கல்லூரி ஆண்டு மலர்கள் நான்கும், 1955 முதல் 1990 வரையிலான சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்து நானே எழுதிய ஊர்வாரிப் பட்டியலும் இருந்தன. அந்தப் பட்டியலில் தொலைபேசி எண் என்பதே கிடையாது. மாணவர் பெயர், தகப்பனார் பெயர், கிராமம், வட்டம் ஆகிய நான்கு மட்டுமே உண்டு. ஆனால் டெல்டாவில் இந்த நான்கும் போதும். ஊருக்குள் நுழைந்து, முதல் தேநீர்க் கடையில் தகப்பனார் பெயரைச் சொன்னால், வீடு வரை கொண்டுவந்து விடுவதற்கு ஒருவர் எழுந்துவிடுவார்.

நூறாண்டைக் கடந்த ஓர் அரசு உதவி பெறும் கல்லூரியில் முன்னாள் மாணவர் உறவையும் நிதி திரட்டலையும் கவனிக்கும் பொறுப்பு நான்கு ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. அதற்கு முன் அதே கல்லூரியில் வணிகவியல் கற்பித்தேன். நான் சந்தித்தவர்கள் தங்கள் குடும்பத்து விஷயங்களையும் மனம் திறந்து பேசியதால், கல்லூரியின் பெயரையும் அவர்களுடைய பெயர்களையும் இங்கே எழுதவில்லை.

இப்போது நாங்கள் திரட்டுவது விடுதி மெஸ் கட்டணத்துக்கான நிதி. கல்விக் கட்டணத்துக்கு ஏதாவது ஒரு உதவித்தொகை கிடைத்துவிடுகிறது. மாணவனைப் படிப்பிலிருந்து பிரித்து ஊருக்கு அனுப்புவது, மாதக் கடைசியில், மொத்தச் செலவை எல்லாருக்கும் பங்கிடும் டிவைடிங் முறையில் வகுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் மெஸ் பில்தான். இரண்டு மாதம் பாக்கி விழுந்தால் பையன் விடுதியைக் காலி செய்துவிட்டு, காலையில் மூன்று மணி நேரம் பஸ்ஸில் வரத் தொடங்குகிறான். அடுத்த பருவத்தில் அவன் வருகைப் பதிவேட்டில் இல்லை. வகுப்பில் நின்று பல ஆண்டுகள் இதைப் பார்த்திருக்கிறேன்.

தஞ்சாவூரில் முதலில் சந்தித்தவர் 1974ஆம் ஆண்டு பேட்ச், கருவூலத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர். முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவிடும் நிதி என்று விளக்கி நான் கொண்டுபோன துண்டறிக்கையை, மூக்குக் கண்ணாடியை இறக்கி ஒருமுறை படித்தார். "கார்பஸ் ஃபண்ட்னு போட்டிருக்கீங்க. அதுக்குத் தமிழ் இந்த ஊர்லயே கல்லுல இருக்கு சார், வாங்க காட்டறேன்" என்று சொல்லி, மாலையில் பெரிய கோயிலுக்கு அழைத்துச் சென்றார்.

விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் எழுத்துகளில் ஓரிடத்தில் நின்று, விரலை நீட்டாமல் மனப்பாடமாகவே சொன்னார்: "நாங் குடுத்தனவும், அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லிலே வெட்டுக என்று முதலாம் ராஜராஜன் இட்ட ஆணை அது. மன்னனின் கொடையும், அக்கன் குந்தவையின் கொடையும், பெயர் தெரியாத யாரோ ஒருவர் தந்ததும் ஒரே விமானத்தில் பொறிக்கப்பட வேண்டும் என்ற அந்த முடிவு, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் எடுக்கப்பட்டது. நகைகளை 'ஆடவல்லான்' என்ற எடைக்கல்லால் நிறுத்து, நிறையையும் எழுதி வைத்தார்கள். கொடுத்தவர் யார், கொடுத்தது என்ன, எவ்வளவு, எதற்காக, யார் பொறுப்பில் என்ற ஐந்துக்கும் அந்தக் கல்லில் விடை உண்டு. எங்கள் அலுவலகத்தின் பழைய ரசீது அடிக்கட்டைகளில் பாதிக்கு மேல் 'எதற்காக' என்ற இடம் காலியாக இருப்பது அப்போது நினைவுக்கு வந்து, நெஞ்சை அறுத்தது.

பிறகு விளக்குக் கொடைக்கு வந்தார். கோயிலில் ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரிய ஒரு நாளைக்கு ஓர் உழக்கு நெய் வேண்டும். அதற்காக 96 ஆடுகளைக் கொடையாகக் கொடுத்து இடையர்களிடம் ஒப்படைத்தார்கள். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டில் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். சாவதுமில்லை, மூப்பதுமில்லை. கிழடு கழியும்போது குட்டி வளர்ந்து அதன் இடத்துக்கு வந்துவிடுவதால் தலைக்கணக்கு 96 ஆகவே நிற்கும். காசாகக் கொடுத்தவர்களின் பணத்தை ஊர்ச் சபைகளுக்குக் கடனாகக் கொடுத்து, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு 'பொலிசை', அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை வட்டி, வாங்கியிருக்கிறார்கள். முதல் நிற்கும், பொலிசை செலவாகும். வணிகவியல் வகுப்பில் வைப்பு நிதியை எத்தனையோ முறை கரும்பலகையில் விளக்கியிருக்கிறேன். 'சாவா மூவாப் பேராடு' என்ற இந்த மூன்று சொற்களில் அடங்கிய தெளிவு என் விளக்கத்தில் ஒருநாளும் இருந்ததில்லை.

இரவு அவர் வீட்டில் இட்லி சாப்பிட்டோம். ரசீதுப் புத்தகத்தை நான் பையிலிருந்து எடுக்கவே இல்லை. முதல் சந்திப்பில் எடுப்பதில்லை என்பது நான் வைத்திருக்கும் வழக்கம்.

இரண்டாம் நாள்: திருவையாறு, பூண்டி

திருவையாற்றில் ஆராதனைக்காகப் பந்தல் போட்டிருந்தார்கள். காவிரியில் முழங்கால் அளவுக்கும் குறைவாகவே நீர் ஓடியது. தியாகராஜரின் சமாதி இருக்கும் நிலத்தை வாங்கி, தம் சொந்தச் சொத்தைச் செலவிட்டு அதைக் கட்டியெழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். பெண்கள் அங்கே அமர்ந்து பாட முடியாத காலத்தில் அதைச் செய்தார். ஆண்டுதோறும் வந்து பாடுபவர்களில் எத்தனை பேர் அவருடைய நினைவிடத்தின் முன் ஒரு நிமிடம் நிற்கிறார்கள் என்று தெரியவில்லை, நான் நின்றேன்.

அதே ஊரில் உள்ள அரசர் கல்லூரி சத்திரத்து அறக்கட்டளை வருமானத்தில் எழுந்தது. மராத்திய மன்னர்கள் வழிப்போக்கருக்குச் சோறு போடவென்று எழுதிவைத்த சத்திரங்களின் நிலவருவாய், காலப்போக்கில் கல்வியின் பக்கம் திருப்பப்பட்டது. முதலில் சமஸ்கிருதம் மட்டும் கற்பித்த இடத்தில் பின்னர் தமிழும் கற்பிக்கப்பட்டது. கொடையாளியின் சொல்லை எழுத்துக்கு எழுத்து காப்பதா, காலத்தின் தேவைக்கேற்ப விரித்துக்கொள்வதா என்ற கேள்வி எங்கள் தொழிலில் தினமும் எழுவது. சோறு போட்ட பணம் படிப்புக்குப் போனதை அந்த மன்னர்கள் மறுத்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். ஆனால் அதை மாற்றுகிறவர்கள், ஏன் மாற்றினோம் என்று எழுதி வைத்துவிட்டு மாற்ற வேண்டும்.

பிற்பகலில் பூண்டிக்கு அருகே ஒரு கிராமத்தில் 1986ஆம் ஆண்டு பேட்ச் ஒருவரைச் சந்தித்தேன். உரக்கடை வைத்திருக்கிறார். பழைய கதைகளை உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தவர், நான் நிதியைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும் முகம் மாறினார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. போன வருஷம்தான் பையன் சீட்டுக்கு ஒரு இடத்துல டொனேஷன் கொடுத்தேன். ரசீது கேட்டதுக்கு சிரிச்சாங்க. இப்ப நீங்களும் டொனேஷன்னு வந்து நிக்கிறீங்க."

எங்கள் வேலையின் மிகப் பெரிய தடை இந்த ஒரு சொல்தான். தமிழ்நாட்டில் கல்லூரி என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'டொனேஷன்' வந்தால், அது கொடையைக் குறிப்பதில்லை. இடத்துக்கு வாங்கும் விலையைக் குறிக்கிறது. கட்டாய நன்கொடையைத் தடுக்க 1992இலேயே மாநிலத்தில் சட்டம் வந்துவிட்டது. சட்டம் வந்தும் அந்தச் சொல்லின் கறை போகவில்லை. அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில்தான், சேர்க்கைக்கு நன்கொடை வாங்குவதில்லை என்று பெயரெடுத்த பூண்டி புஷ்பம் கல்லூரி 1956 முதல் நடந்து வருகிறது. அதைச் சுட்டிக்காட்டியபோது, "அதான் சார், அவங்களைப் பத்தி இன்னும் பேசறோம்" என்றார்.

அவரிடம் நான் பணம் கேட்கவில்லை. எங்கள் சேர்க்கைக்கும் இந்த நிதிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதையும், கல்லூரியில் படிக்கும் மாணவரின் பெற்றோரிடமிருந்து அந்த மூன்றாண்டுகளில் ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை என்று நாங்கள் வைத்திருக்கும் கட்டுப்பாட்டையும் சொன்னேன். பிறகு, 1986இல் தன்னோடு விடுதியில் ஒரே அறையில் இருந்த மூன்று பேரின் எண்களை அவரே தேடி எடுத்துக் கொடுத்தார். அன்றைக்கு எனக்கு அதுவே பெரிய கொடை.

மூன்றாம் நாள்: கும்பகோணம்

கும்பகோணத்துக்கு வரும்போதெல்லாம் காவிரிக் கரையில் உள்ள அரசு கலைக் கல்லூரியின் வாசலில் சிறிது நேரம் நிற்பேன். 1854இல் பள்ளியாகத் தொடங்கி, பிறகு கல்லூரியாக வளர்ந்து, தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று அந்நாளில் பேசப்பட்ட இடம். அதன் முதல்வராக இருந்த போர்ட்டரின் பெயரை ஊரின் டவுன் ஹால் இன்றும் தாங்கி நிற்கிறது.

1880இல் அங்கே தமிழாசிரியராக இருந்த தியாகராஜ செட்டியார் ஓய்வு பெற்றபோது, தம் இடத்துக்கு உ.வே. சாமிநாதையரைப் பரிந்துரைத்தார். இருவரும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர்கள். ஒரே ஆசிரியரிடம் படித்தவர்களுக்கு இடையே இருந்த அந்த உறவு இல்லாமல், சாமிநாதையர் கும்பகோணத்துக்கு வந்திருக்கமாட்டார். அங்கே முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்திருக்கமாட்டார். சீவக சிந்தாமணியைத் தேடிப் பதிப்பிக்கும் வேலையில் இறங்கியிருக்கமாட்டார். 1887இல் அந்நூல் அச்சாவதற்குப் பணம் வந்த வழிதான் என் தொழிலோடு நேராகத் தொடர்புடையது. புத்தகம் வரும் முன்பே வாங்கிக்கொள்வதாக ஊர் ஊராகப் பலரிடம் 'கையொப்பம்' பெற்றார்கள். கல்லூரியில் பாடம் சொல்லிக்கொண்டே, விடுமுறையில் ஏடு தேடி, கையொப்பமும் திரட்டிய ஒருவரை நினைத்தால், ஆறு நாள் பயணத்துக்கு அலுத்துக்கொள்ள மனம் வரவில்லை. 'பிளெட்ஜ் படிவம்' என்று நாங்கள் அச்சடித்து வைத்திருப்பதன் தலைப்பைக் 'கையொப்பப் படிவம்' என்று மாற்றுவதாக அன்று குறித்துக்கொண்டேன்.

சாரங்கபாணி சன்னதித் தெருவில் இராமானுஜனின் வீட்டுக்கும் சென்றேன். தெருவைப் பார்த்த சின்ன ஜன்னலின் ஓரத்தில் ஒரு கட்டில் கிடக்கிறது. 1904இல் உதவித்தொகையுடன் கல்லூரியில் சேர்ந்தவர், கணிதத்தைத் தவிர மற்ற பாடங்களில் தவறியதால் அந்த உதவித்தொகையை இழந்தார். படிப்பும் நின்றது. பத்தாண்டு கழித்து 1914இல் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரிக்குப் போனார். 1918இல் அங்கே ஃபெலோவாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். உதவித்தொகையின் விதி சரியாகவே பின்பற்றப்பட்டது, விதியில் தவறில்லை. ஆனால் விதிக்கு வெளியே, "இந்தப் பையனுக்கு இன்னும் ஒரு வருஷம் கொடுத்துப் பார்ப்போம்" என்று சொல்ல ஒரு சிறு நிதி எங்கேயும் இல்லை. எங்கள் மெஸ் நிதியின் விதிமுறையில் மதிப்பெண் வரம்பு எதையும் வைக்கக் கூடாது என்று குழுவில் நான் பிடிவாதமாக நின்றதற்கு, இந்த வீட்டுக்கு இதற்கு முன் நான் வந்துபோனதும் ஒரு காரணம்.

மாலையில் ஒரு ஓட்டல் மாடியில் கும்பகோணம் பகுதி முன்னாள் மாணவர்கள் பதினான்கு பேர் கூடினார்கள். ஆக்ஸ்போர்டின் பழைய கல்லூரிகளில், சேர்ந்த ஆண்டு வாரியாக முன்னாள் மாணவர்களை அழைத்து இரவு விருந்து வைப்பார்கள். அதற்கு அங்கே 'காடி' என்று பெயர். பல ஆண்டுகள் அப்படி அழைத்து, உணவிட்டு, பேசவிட்டு, அதன் பிறகே கேட்பார்கள். நம் பக்கத்தில் அலுமினி மீட் என்றால், வரவேற்புரை முடிந்த கையோடு வங்கிக் கணக்கு எண்ணைத் திரையில் போட்டுவிடுகிறோம். வந்தவர்கள் தங்களை எதற்காக அழைத்தார்கள் என்பதை அந்த நிமிடமே கணக்குப் போட்டுக்கொள்கிறார்கள். எனவே அன்று நான் ஆண்டு மலர்களை மட்டும் மேசையில் பரப்பினேன். 1968ஆம் ஆண்டின் ஹாக்கி அணிப் படத்தில் தன்னைக் கண்டுபிடித்த ஒருவர், அதில் நின்றிருந்த பதினாறு பேரில் யார் யார் இன்று இல்லை என்று விரல் வைத்து மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனார். டிகிரி காபி ஆறிப்போனது. யாரும் எழவில்லை.

நான்காம் நாள்: மன்னார்குடி

இந்தப் பயணத்தையே நான் மேற்கொண்டது மன்னார்குடியில் உள்ள ஒரு வீட்டுக்காக.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. அதற்குப் பதில் போகவில்லை. சென்ற அக்டோபரில் கோப்புகளை ஒழுங்குபடுத்தும்போது அது என் கைக்குக் கிடைத்தது. எழுதியவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அவருடைய தகப்பனார் எங்கள் முன்னாள் மாணவர்; அரிசி ஆலையில் கணக்கராக இருந்தவர். எங்கள் கல்லூரியிலேயே படித்துக்கொண்டிருந்தபோது காய்ச்சலில் இறந்துபோன தம் தம்பியின் நினைவாக, கணிதத்தில் முதலிடம் பெறும் மாணவருக்கு ஆண்டுதோறும் சிறு தங்கப் பதக்கம் வழங்க 1958இல் ஆயிரம் ரூபாய் கொடுத்திருக்கிறார். அந்தப் பதக்கம் இப்போது என்ன ஆயிற்று என்று கேட்டு, நான்கே வரியில் எழுதியிருந்தார்.

பாமணி ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஒரு தெருவில் திண்ணை வைத்த ஓட்டு வீடு. அம்மையாருக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். "உள்ள வாங்க சார்" என்று அழைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். அதிலிருந்து எடுத்த ரசீதை என் கையில் கொடுத்தார். நான்காக மடித்திருந்த தாள், மடிப்புகளில் கிழிந்து, பின்புறம் பசைக்காகிதம் ஒட்டிச் சேர்க்கப்பட்டிருந்தது. வருவாய் முத்திரைத் தலையின் மீது கல்லூரிக் கணக்கைக் கவனித்த அன்றைய பர்சாரின் கையெழுத்து பாதி தலையிலும் பாதி தாளிலுமாக விழுந்திருந்தது. 'எதற்காக' என்ற இடத்தில் அழகான கையெழுத்தில், "இத்தொகையின் வட்டியினின்று ஆண்டுதோறும்" என்று தொடங்கி, இறந்துபோன தம்பியின் முழுப் பெயரும் எழுதப்பட்டிருந்தது. எங்கள் அடிக்கட்டையில் காலியாக இருந்த இடம், கொடுத்தவர் வீட்டுப் பிரதியில் நிறைந்திருந்தது.

என்ன நடந்தது என்பதை, தெரிந்தவரை மறைக்காமல் சொன்னேன். 1958இல் பத்து கிராம் தங்கம் ஏறத்தாழ 100 ரூபாய். ஆயிரம் ரூபாய்க்கு நூற்றுக்கு நான்கு வட்டி என்றாலும் ஆண்டுக்கு நாற்பது ரூபாய் வரும்; இரண்டு கிராம் பதக்கம் செய்து, பெயர் வெட்டி, மீதமும் இருந்திருக்கும். 1980இல் பத்து கிராம் தங்கம் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. அதாவது அவர் கொடுத்த முதல் முழுவதையும் கொடுத்தாலும் பத்து கிராம் கிடைக்காது. பதக்கம் முதலில் வெள்ளியாயிற்று, பிறகு சான்றிதழாயிற்று, 1991க்குப் பிறகு அதுவும் நின்றது. யாரும் அந்தப் பணத்தை எடுத்துக்கொள்ளவில்லை. ஆயிரம் ரூபாய் இன்றும் வங்கியில் இருக்கிறது. அது ஆயிரமாகவே இருப்பதுதான் நடந்த கேடு.

தஞ்சாவூரில் கேட்ட ஆடுகளை அப்போது நினைத்துக்கொண்டேன். ஆடு குட்டி போடும். விலைவாசி ஏறினால் ஆட்டின் விலையும் நெய்யின் விலையும் கூடவே ஏறும். விளக்குக்கு வேண்டிய உழக்கு நெய் மாறாது. 1264இல் தொடங்கிய ஆக்ஸ்போர்டின் மெர்ட்டன் கல்லூரிக்கு அதை நிறுவியவர் நிலங்களின் வருவாயை எழுதிவைத்தார், நிலமும் அப்படித்தான். ரூபாயாக வைத்து, வட்டி முழுவதையும் ஆண்டுக்கு ஆண்டு செலவழித்த எங்கள் முறையில், ஆட்டைக் கட்டிவைத்துக் குட்டிகளை எல்லாம் விற்றுத் தின்றிருக்கிறோம். முதல் சாகவில்லை, ஆனால் மூத்துவிட்டது. இதைச் செய்தவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை; ஆனால் கணக்குத் தெரிந்த ஆசிரியர்கள் நிறைந்த ஒரு கல்லூரியில், வணிகவியல் துறையும் இருந்த ஒரு கல்லூரியில், இது முப்பது ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் போனதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அந்த ஆசிரியர்களில் நானும் ஒருவன்.

அம்மையார் முழுவதையும் கேட்டார். பிறகு சொன்னார்: "பணம் தேஞ்சதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க தம்பி. ஒரு கார்டு போட்டிருக்கலாம். அப்பா 1997 வரைக்கும் இருந்தாங்க. மார்ச் மாசம் வந்தா, இந்த வருஷம் யாருக்குக் கொடுத்தாங்கன்னு காலேஜ்லேர்ந்து கடுதாசி வரும்னு திண்ணையில உட்கார்ந்திருப்பாங்க. தபால்காரர் தாண்டிப் போயிடுவார்."

எனக்கு அதற்கு மேல் பேச்சு வரவில்லை. மன்னிப்புக் கேட்டேன். கல்லூரியின் சார்பில் என்று சொல்லத் தொடங்கி, அது பொருத்தமாகப் படாததால், என் பெயரில் கேட்டேன்.

புதிய விதிமுறையையும் விளக்கினேன். வட்டியில் மூன்றில் ஒரு பங்கு கட்டாயம் முதலோடு சேரும். தனியே நின்று தேய்ந்துபோகும் சிறு அறக்கட்டளைகள் ஒன்றாகச் சேர்க்கப்படும், ஆனால் ஒவ்வொன்றின் பெயரும் தனிப் பக்கத்தில் நிற்கும். ஆண்டுக்கு ஒரு முறை, யாருக்கு என்ன போயிற்று என்று கொடையாளிக்கோ வாரிசுக்கோ கையெழுத்திட்ட கடிதம் போகும். அந்தக் கணிதப் பதக்கத்தை வரும் ஆண்டு விழாவில் மீண்டும் தொடங்க, ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து முதலை உயர்த்த ஒப்புக்கொண்டிருப்பதையும் சொன்னேன்.

அவர் பணம் தருவதாகச் சொல்லவில்லை. நானும் அதற்காகப் போகவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார். 1959 முதல் 1991 வரை சித்தப்பாவின் பெயரில் பரிசு வாங்கிய பிள்ளைகள் யார் யார் என்று ஒரு பட்டியல் வேண்டும். "அவ்வளவு போதும்" என்றார்.

வெளியே வந்தபோது ராஜகோபாலசாமி கோயிலில் சாயரட்சை மணி அடித்துக்கொண்டிருந்தது. கோயிலுக்குள் போகவில்லை. ஹரித்ரா நதி என்று பெயர் கொண்ட தெப்பக்குளத்தின் கரையில் இருட்டும் வரை உட்கார்ந்திருந்தேன்.

ஐந்தாம் நாள்: கொரடாச்சேரி, நாகப்பட்டினம், தரங்கம்பாடி

கொரடாச்சேரிக்கு அருகே சம்பா அறுவடை தொடங்கியிருந்தது. 1979ஆம் ஆண்டு பேட்ச் நண்பர் ஒருவர் வயல் வரப்பிலேயே நின்று பேசினார். அறுவடைக்கு ஒரு வாரம் முன் நிற்கும் நெல்லுக்குள்ளேயே தெளித்த உளுந்து, அறுத்த தாள்களுக்கு நடுவே இரண்டிலையாக முளைத்திருந்தது. மெஸ் நிதிக்குப் பத்து மூட்டை நெல் அனுப்புவதாகச் சொன்னார். விடுதிச் சமையலறைக்கு அது மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் வருமான வரி விலக்குக்கான 80ஜி சான்று பணமாகக் கொடுத்தால் மட்டுமே செல்லும். அதிலும் ரொக்கம் 2,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் செல்லாது என்பதை அவரிடம் சொல்லவேண்டியிருந்தது. "அப்ப கொள்முதல் நிலையத்துல போட்டுட்டு, அக்கவுண்ட்ல ஏறினதும் அனுப்பிடறேன். ஈரப்பதம் பதினேழுக்குள்ள இருந்தாத்தான் எடுப்பாங்க, நாலு நாள் காயணும்" என்றார்.

நகரத்தில் இருப்பவர்களிடம் மாதம் இவ்வளவு என்று வங்கியில் பிடித்துக்கொள்ளும் படிவம் வாங்குகிறோம். அதே படிவத்தை விவசாயியிடம் நீட்டுவது தவறு என்பது எனக்கு மூன்றாம் ஆண்டில்தான் புரிந்தது. மேட்டூர் ஜூன் 12இல் திறந்தால் ஒரு கணக்கு, திறக்காவிட்டால் வேறு கணக்கு என்று வாழ்கிறவருக்குத் தை மாதம் ஒன்றே கொடுக்கும் மாதம். கடைமடைக்காரர்களுக்கு அதுவும் எல்லா ஆண்டும் வராது. வராத ஆண்டில் நினைவூட்டல் கடிதம் போகக் கூடாது. நலம் கேட்டு ஒரு தொலைபேசி அழைப்பு போகவேண்டும்.

நாகப்பட்டினத்தில் இறங்கியது, பினாங்கில் குடியேறிய ஒரு முன்னாள் மாணவரின் தம்பியைச் சந்திக்க. ரஜூலா கப்பல் ஓடிய காலத்தில் இந்தத் துறைமுகத்திலிருந்து மலேயாவுக்குப் போன குடும்பங்கள் ஏராளம். வீடியோ அழைப்பில் அண்ணன் பேசினார். பெரிய தொகை ஒன்றைச் சொல்லி, நாளைக்கே அனுப்பட்டுமா என்று கேட்டார். நான் கேட்ட முதல் கேள்வி, கையில் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்பதுதான். இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வேலை செய்பவர் முறையான வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. குடியுரிமை மாறியவர் அனுப்பினால், வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும். பதிவு பெற்றவர்களும் 2020 திருத்தத்துக்குப் பிறகு டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் ஒரே கிளையில் திறந்த கணக்கில்தான் முதலில் பெறமுடியும். எங்களுக்கு அந்தப் பதிவு இல்லை. அவர் மலேசியக் குடிமகன். "தம்பி பேர்ல போட்டு அவன் மூலமா கொடுத்தா?" என்று கேட்டார். அதுவும் கூடாது என்று சொன்னேன். பெரிய தொகை ஒன்றைக் கைநீட்டி மறுப்பது வேதனைதான். சட்டத்தைச் சுற்றிக்கொண்டு வரும் பணம் எவ்வளவு நல்ல மனத்திலிருந்து வந்தாலும், கல்லூரியை ஒருநாள் தலைகுனிய வைக்கும்.

நாகப்பட்டினத்தில் 1844இல் தொடங்கி 1883இல் திருச்சிக்கு இடம்பெயர்ந்தது தூய வளனார் கல்லூரி. கல்லூரிகளும் கப்பல்களைப் போலத் துறைமுகம் மாறியிருக்கின்றன.

மாலைக்குள் தரங்கம்பாடி சேர்ந்தேன். 1706இல் இங்கே வந்திறங்கிய ஜெர்மானிய மறைப்பணியாளர் சீகன்பால்கும் அவருக்குப் பின் வந்தவர்களும் எழுதி அனுப்பிய அறிக்கைகளை, ஜெர்மனியின் ஹாலே நகரில் 1710 முதல் அச்சிட்டு, ஐரோப்பாவெங்கும் இருந்த ஆதரவாளர்களிடையே பரப்பினார்கள். பள்ளிகளுக்கும் அச்சகத்துக்கும் பணம் தொடர்ந்து வந்ததற்கு அந்த அறிக்கைகள் முக்கியக் காரணம். கடிதம் போய்ச் சேரவே பல மாதங்கள் கப்பலில் ஆகும் காலத்தில், எங்கோ இருக்கும் கொடையாளிக்குத் தன் காசு என்னவாயிற்று என்று தெரிந்திருக்கிறது. திருச்சிக்கும் மன்னார்குடிக்கும் இடையே ஒரு அஞ்சலட்டை போகவில்லை. டேனியக் கோட்டையின் மதில் ஓரம் கடலைப் பார்த்தபடி நெடுநேரம் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆறாம் நாள்: கல்லூரி

இரவோடிரவாகத் திரும்பி, காலை பத்து மணிக்குப் பதிவறையைத் திறக்கச் சொன்னேன். ஊருக்குப் போய்த் திரும்பிய நாளைப் பயணத்தில் சேர்க்கலாமா என்று ஒருவர் கேட்கலாம். எனக்கு அந்த அறைக்குள் நுழைந்ததே இந்தப் பயணத்தின் கடைசி ஊர்.

ஓய்வுபெறும் வயதை நெருங்கிய அலுவலக உதவியாளர் ஏணி பிடிக்க, ஆண்டு மலர்களை 1959 முதல் வரிசையாக இறக்கினோம். ஆண்டு விழா அறிக்கையின் கடைசிப் பக்கங்களில் பரிசு பெற்றோர் பட்டியல் பொடி எழுத்தில் இருக்கும். சில ஆண்டுகளில் மலரே வரவில்லை. அதற்கு விழா அழைப்பிதழ்களையும், துறைக் கூட்டக் குறிப்பேட்டையும் புரட்டினோம். 1964ஆம் ஆண்டு மலரின் அந்தப் பக்கத்தைச் செல் அரித்திருந்தது. பெயரின் முதல் எழுத்தும் கடைசி இரண்டு எழுத்தும் மட்டும் இருந்தன. அந்த ஆண்டு கணிதத்தில் தேர்ச்சி பெற்றவர்களின் பதிவேட்டோடு ஒப்பிட்டு, அப்படி முடியும் பெயர் ஒன்றே என்று உறுதியான பிறகுதான் எழுதினேன்.

மாலை ஆறு மணிக்கு 33 ஆண்டுகளில் 28 பெயர்கள் கிடைத்திருந்தன. தட்டச்சு செய்யாமல் கையாலேயே எழுதினேன். ஆண்டு, பெயர், ஊர் என்று மூன்று பத்திகள். கிடைக்காத ஐந்து ஆண்டுகளுக்கு நேரே, "கல்லூரிப் பதிவில் கிடைக்கவில்லை; தேடிக்கொண்டிருக்கிறோம்" என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி இடம் விட்டேன். தாளின் தலைப்பில், ரசீதில் இருந்தபடியே, அந்தத் தம்பியின் முழுப் பெயரை எழுதினேன்.

உறையில் மன்னார்குடி முகவரியை எழுதி, விரைவுத் தபாலில் சேர்க்கச் சொல்லிக் கொடுத்தனுப்பிவிட்டு, 28 பேரில் ஊர் தெரிந்தவர்களை என் ஊர்வாரிப் பட்டியலில் தேடத் தொடங்கினேன். மூவர் வலங்கைமான் வட்டம். ஒருவர் கொரடாச்சேரி.